குருவிக்கு வெள்ளையடித்த ராம்கி

லண்டன் ஹவுன்ஸ்லோவில் ராம்கியைத் தெரியாத தமிழ்க் குடும்பம் கிடையாது. பெண்பிள்ளை பெரியபிள்ளையானால் செய்யும் சாமத்தியவீடு, கலியாணம், பிறந்தநாள் எல்லாவற்றுக்கும் அவர்தான் படம் பிடிப்பவர். ஐம்பதைத் தொட்டதும் மனிதருக்குத் திடீரென்று ஞானம் பிறந்தது. தான் பெரிய கலைஞன் என்றும், இந்தச் சனம் தன்னை மண்டபத்துக்குள்ளேயே வைத்து வீணாக்கிவிட்டது என்றும் கண்டுபிடித்தார். உடனே முழ நீளத்தில் ஒரு லென்ஸ் வாங்கினார். வெள்ளைக்காரர்களின் இயற்கைப் படக் கழகமொன்றில் சேர்ந்தார். சனிக்கிழமைகளில் லண்டனுக்கு வெளியே சறேப் பக்கத்துக் காடுகளில் சேற்றில் குப்புறப் படுத்தார்.

கழகத்தின் போட்டிக் கோப்பையை எப்படியும் வாங்கிவிட வேண்டும். வாங்கினால் பிறகு எவனும் "மணவறையை மறைக்காதேங்கோ அண்ணை" என்று கத்தமாட்டான்.

ஒருநாள் காலை வேலியில் ஒரு பிளாக்பேர்ட் வந்து குந்தியது. கன்னங்கரிய உடம்பு, மஞ்சள் அலகு, வாய் நிறையப் பாட்டு. ராம்கி மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தார். சும்மா சொல்லக்கூடாது, அருமையான படம்.

வீட்டில் கணினியில் போட்டதும் கை தன்பாட்டில் வேலையைத் தொடங்கியது. எந்த முகம் வந்தாலும் முதலில் வெளுப்பாக்க வேண்டும், இல்லாவிட்டால் தாய்மார் பட அல்பத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அந்தப் பழக்கம் குருவியையும் விட்டுவைக்கவில்லை. அது பால்தேத்தண்ணி நிறத்துக்கு வந்து சேர்ந்தது.

"இப்பதான் முகத்தில ஒரு களை இருக்கு," என்றாள் மனைவி துசியந்தி. படம் போட்டிக்குப் போனது.

பரிசளிப்புக்குத் துசியந்தி பட்டுச்சேலையில் வந்தாள். மகள் விதுஷாவை இழுத்துக்கொண்டுதான் வரவேண்டியிருந்தது. கழகத் தலைவி ஹெலனுக்கோ கால் நிலத்தில் படவில்லை. இந்த நிறத்தில் பிளாக்பேர்ட் காணக் கிடைக்காதாம்.

"கோப்பை உங்களுக்குத்தான். விதிப்படி, கமராவில் உள்ள அசல் படத்தை மட்டும் ஒருமுறை காட்டிவிடுங்கள்," என்றார்.

கமராவைக் கொண்டுவரவில்லை என்று ராம்கி புளுக வாயெடுப்பதற்குள், துசியந்தி பெருமை பொங்க அதைப் பையிலிருந்து எடுத்து நீட்டிவிட்டாள்.

பெரிய திரையில் கறுப்புக் குருவி வந்து நின்றது. ஹெலன் கோபப்பட்டிருந்தாலாவது சமாளித்திருக்கலாம்.

"எவ்வளவு அழகான பறவை! இதை ஏன் மாற்றினீர்கள்?" உண்மையிலேயே விளங்காமல்தான் கேட்டார். கோப்பை ஒரு காளான் படத்துக்குப் போனது.

காருக்குள் ஏறியதும்தான் அவருக்கு வீரம் வந்தது. "ஒரு குருவிக்கு இவ்வளவு விசாரணையோ? நிறத்துவேசம் பிடிச்ச சனம்!"

"ஓமப்பா, முழுத் துவேசம்," என்றாள் துசியந்தி.

பின்னால் இருந்த விதுஷா போனிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"என்ர சாமத்தியவீட்டுப் படம் முழுக்க நீங்கள்தானே வெள்ளையாக்கினது, அப்பா? ஏன் மாத்தினனீங்கள் எண்டு அண்டைக்கு ஒருத்தரும் கேக்கேல்ல. அம்மா இன்னும் கொஞ்சம் வெளுக்கச் சொன்னவா."

துசியந்தி யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ராம்கிக்கு வெட்கமாக இருந்தது. கோப்பை கைநழுவியபோதுகூட இவ்வளவு வெட்கம் வரவில்லை.