வீட்டில் எத்தனை பேர்

வார்டு ஆபீசில் கொடுத்த துண்டுச் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஷம்சுதீன் தங்கையின் வீட்டுக்குள் நுழைந்தபோது மணி பத்தேகால். ரங்கூனில் அலோன் துறைமுகத்துக்குப் பின்தெருவில் வரிசையாக நிற்கும் பழைய வீடுகளில் அது ஒன்று. கதவைத் திறந்தால் நேரே தெருதான். தங்கை ருக்சானா தரையில் உட்கார்ந்து பலாச்சங்கு என்ற காய்ந்த இறால் வறுவலுக்கு வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். அவளுடைய கணவர் மீரா முகைதீன் காலையிலேயே கயிற்றுக் கடைக்குப் போய்விட்டார்.

"எங்க காக்கா போயிட்டு வர்றீங்க?"

"வார்டு ஆபீசுக்கு. இன்னைக்கு ராவு இங்க தங்கப் போறேன்னு எழுதிக் குடுத்துட்டேன். இனிமே யாரும் உன்னை ஒரு கேள்வி கேக்க முடியாது."

சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு மிதப்பு இருந்தது. இருபத்தோரு வருஷம் கழித்து ரங்கூனுக்கு வந்திருக்கிறார். மூன்று நாளாக ஓட்டல் அறையில் படுத்துக்கொண்டு பகலில் மட்டும் தங்கை வீட்டுக்கு வந்து போவது அவருக்குப் பிடிக்கவில்லை. யார் வீட்டில் யார் ஒரு ராத்திரி படுத்தாலும், கூடப்பிறந்தவனாகவே இருந்தாலும், வார்டு ஆபீசில் பதிந்தாக வேண்டும் என்ற சட்டம் அவருக்கு நினைவில் இருந்தது. பெரிய மனுஷனாக, யாருக்கும் சிரமம் கொடுக்காமல், தானே போய் முடித்துவிட்டு வந்திருக்கிறார். மெனக்கெட்டுப் போய் வம்பை விலைக்கு வாங்குவது என்பது இதுதான்.

"என்ன எழுதினீங்க?"

"என் பேரு, வேலை, பாஸ்போர்ட் நம்பரு. வீட்டுல எத்தனை பேருன்னு ஒரு கட்டம் இருந்துச்சு. மூணுன்னு போட்டேன்."

ருக்சானாவின் கையில் கத்தி அப்படியே நின்றது.

"ரெண்டு பேரு காக்கா," என்றாள் மெதுவாக. "இந்த வீட்டுல ரெண்டு பேருதான்."

அவர் சிரிக்கப் பார்த்தார். பின்கட்டுத் திரை ஒதுங்கியது. ருக்சானாவின் மகள் தஸ்லீமா அங்கே நின்றாள். பத்தொன்பது வயது. மூன்று நாளில் நாலு வார்த்தை பேசியிருப்பாள், முன்னறைக்கு வந்து ஒருதரம்கூட உட்கார்ந்ததில்லை. மாமனிடம் வெட்கப்படுகிறாள் என்று அவர் நினைத்திருந்தார். இப்போது அவள் முகத்தைப் பார்த்ததும் வெட்கத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று புரிந்தது. பயந்தவர்களின் முகம் அவருக்கு நன்றாகத் தெரியும். மூன்று நாள் எப்படித் தெரியாமல் போயிற்று என்பதுதான் தெரியவில்லை.

செப்டம்பரில் ராணுவ அரசை எதிர்த்துப் பிக்குகள் ஊர்வலம் போனபோது தஸ்லீமாவும் சிநேகிதிகளும் தண்ணீர்ப் பாட்டில் கொடுத்தார்கள். அவ்வளவுதான். யாரோ மாடியிலிருந்து எடுத்த படத்தில் அவள் முகம் தெளிவாக விழுந்துவிட்டது. ஒரு சிநேகிதியைப் போலீஸ் பிடித்துக் கொண்டுபோனது. டிசம்பர் ஆகியும் அவள் எங்கே என்று அவளைப் பெற்றவளுக்கே தெரியாது. படத்தோடு இங்கேயும் ஆள் வந்தபோது, மகள் ஆகஸ்டிலேயே மௌலமீனில் அத்தை வீட்டுக்குப் போய்விட்டாள் என்று மீரா முகைதீன் சொன்னார். வார்டு ஆபீஸ் பட்டியலில் அவள் பெயரை அடித்தார்கள். மூன்று மாதமாக அவள் பின்கட்டைத் தாண்டவில்லை.

ஷம்சுதீன் தங்கையின் எதிரே தரையில் உட்கார்ந்தார். "எங்கிட்ட ஏம்மா சொல்லல?"

"நீங்க போலீசுல காக்கா."

சர்க்கரை வியாதிக்காரரிடம் பாயசம் கொடுக்காததற்குக் காரணம் சொல்வது போல, கோபமில்லாமல்தான் சொன்னாள். அது போலீசுதான், ஆனால் வேறு போலீசு என்று சொல்ல அவர் வாயெடுத்தார்.

ஆஸ்திரேலியாவின் மேற்கில், பாலைக்கு நடுவே, இரண்டே இரண்டு போலீஸ்காரர்கள் உள்ள நிலையத்தில் அவருக்கு வேலை. அடுத்த ஊர் இருநூற்று எண்பது கிலோமீட்டர். செம்மண் தடத்தில் வண்டி ஓட்டிக்கொண்டு உள்ளே போகிறவர்கள் அவருடைய மேஜையில் கிடக்கும் நோட்டில் எழுதிவிட்டுப் போவார்கள்: எந்த வழி, எப்போது திரும்புவது, வண்டியில் எத்தனை பேர். சொன்ன நாளில் வராவிட்டால் அவர் தண்ணீர்க் கேன்களோடு தேடிப் போவார். ஒருமுறை ஒருத்தன் அவசரத்தில் இரண்டு பேர் என்று எழுதிவிட்டுப் போனான். தேடிப் போய்ச் சுயநினைவில்லாமல் கிடந்த இரண்டு பேரைத் தூக்கிக்கொண்டு வெற்றியோடு திரும்பினார்கள். மூன்றாவதாக ஒரு பெண் வந்திருந்தாள் என்பது நாலு நாள் கழித்துத்தான் தெரிந்தது. அவள் உடலை மரத்தடியிலிருந்து எடுத்து வந்தவர் ஷம்சுதீன்தான். அதிலிருந்து எந்தத் தாளில் எத்தனை பேர் என்ற கட்டத்தைக் கண்டாலும் அவர் கை சரியான எண்ணைத்தான் எழுதும். இன்று காலையும் அது யோசிக்காமல் எழுதியது.

"அந்தத் தாளை எப்ப பாப்பாங்க?"

"வார்டு தலைவரு மூணு மணிக்கு ஆபீசுக்கு வருவாரு. அவருதான் பட்டியலை வச்சு ஒத்துப் பாப்பாரு."

"அதுக்குள்ள மாத்திட்டு வந்துர்றேன்," என்று ஷம்சுதீன் எழுந்தார். தங்கை தடுக்கவில்லை. மகளைப் பார்த்தாள்.

வழியெல்லாம் ஒரு பொய்யைத் தேடினார். பொய் சொல்கிறவர்களைக் கேட்டுக்கேட்டுக் காது பழுத்தவர் அவர். மாட்டிக்கொள்கிறவன் எல்லாம் அதிகம் பேசித்தான் மாட்டிக்கொள்கிறான் என்பது அவருடைய அனுபவம். சின்னதாக ஒரு பொய் வேண்டும், கேட்கிறவர் பாதி தானே நிரப்பிக்கொள்ளும்படி.

வார்டு ஆபீசில் குமாஸ்தா அம்மாள் டா சான் யி தனியாக இருப்பாள் என்று நினைத்துப் போனார். பக்கத்து நாற்காலியில் ஒரு போலீஸ்காரர் சாய்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். ஷம்சுதீன் வயதுதான் இருக்கும். ஊ சோ லைங் என்று டா சான் யி அறிமுகம் செய்தாள். பேச்சு பர்மியத்தில் நடந்தது. ஷம்சுதீனுக்கு நாக்கு கொஞ்சம் துருப்பிடித்திருந்தாலும் காது மறக்கவில்லை.

"ஒரு எண்ணைத் தப்பா எழுதிட்டேன்," என்றார். "வீட்டுல மூணு பேருன்னு போட்டுட்டேன். ரெண்டுதான். என்னையும் வீட்டு ஆளா எண்ணிட்டேன்."

டா சான் யி சிரித்தாள். "தங்கச்சி வீடுதானே. அப்படித்தான் தோணும்." மூன்றை அடித்துவிட்டு இரண்டு என்று எழுதிப் பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டாள். இவ்வளவு சுலபமாக முடிந்ததில் ஷம்சுதீனுக்கு உடனே கிளம்பிவிடத் தோன்றியது. உடனே கிளம்பக் கூடாது என்பதும் தெரியும். நின்றார்.

ஊ சோ லைங் அடித்த எண்ணையே கொஞ்ச நேரம் பார்த்தார். "நீங்களும் போலீசாமே. நிலையத்துல எத்தனை பேரு?"

"ரெண்டு பேரு."

"எவ்வளவு இடம்?"

"இங்கேருந்து மாந்தலே வரைக்கும்னு வச்சுக்கோங்க."

"அப்ப ஓடுறவனை எப்படிப் பிடிப்பீங்க?"

"துரத்த மாட்டோம். தண்ணி இருக்கிற இடத்துல போய் உக்காந்திருப்போம். வந்துதானே ஆகணும்."

போலீஸ்காரர் அதை ரசித்தார். சாதத்தில் நல்ல குழம்பு விழுந்தது போலத் தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு எழுந்து தொப்பியை எடுத்தார். "உங்க தங்கச்சி வீட்டு டீ நல்லா இருக்குமா?"

எட்டு நிமிஷ நடை. வீட்டில் போன் கிடையாது. வேகமாக நடந்தால் சந்தேகம், மெதுவாக நடந்தாலும் சந்தேகம். மோஹிங்கா நூடுல்ஸ் கடை, சைக்கிள் ரிக்‌ஷாக்கள், தேக்கு ஏற்றிய லாரி எல்லாம் கண்ணில் பட்டும் மனதில் பதியவில்லை. தான் வாய்ப் பேச்சில் கெட்டிக்காரனாக இருந்ததுதான் இந்த ஆளை நாற்காலியிலிருந்து எழுப்பியது என்று தன்னையே திட்டிக்கொண்டு நடந்தார். வாசலுக்கு வந்ததும் சும்மா தள்ளினால் திறக்கிற கதவை அவர் முஷ்டியால் மூன்று தட்டு தட்டினார். இடைவெளி விட்டு, பலமாக. தம்பி, தமையன் யாரும் அப்படித் தட்ட மாட்டார்கள். அது போலீஸ் தட்டு. ருக்சானாவுக்குப் புரிய வேண்டும்.

உள்ளே கேட்டுக்கொண்டிருந்த பேச்சு நின்றது.

அந்த மௌனம் அவருக்குப் பழக்கமானது. ஆஸ்திரேலியாவில், அந்த மண்ணின் பூர்வ குடிகள் மரத்தடியில் கூடிப் பேசிச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். அவருடைய வண்டி திரும்பியதும் பேச்சு இப்படித்தான் அறுந்துபோகும். அதை மரியாதை என்று நினைத்திருந்தார். என்னிடம் நல்ல மரியாதை என்று உடன் வேலை பார்ப்பவனிடம் சொல்லிக்கூட இருக்கிறார். இப்போது தங்கை வீட்டுக் கதவின் வெளிப்பக்கம் நின்று அதைக் கேட்டபோது அவருக்கு வெட்கமாக இருந்தது, கண் கலங்கும் அளவுக்கு வெட்கம்.

கதவு திறந்தது. ருக்சானாவின் தலையில் முக்காடு சரியாக இருந்தது. "வாங்க," என்றாள். போலீஸ்காரர் பூட்ஸைக் கழற்றிக் கதவோரம் வைத்தார். அவர் பார்க்கும் இடங்களையே ஷம்சுதீனும் பார்த்தார். இரண்டு பேருக்கும் ஒரே தொழில். கவிழ்த்து வைத்த தட்டுகள் இரண்டு. கொடியில் ஆண் கட்டும் லோங்கி ஒன்று. சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் குடும்பப் பட்டியல், மூன்றாவது பெயர் சிவப்பு மையால் அடிக்கப்பட்டிருந்தது. எல்லாம் ஒழுங்காக இருந்தன. பிறகு ஷம்சுதீன் கீழே பார்த்தார். பூட்ஸுக்குப் பக்கத்தில், ருக்சானாவின் தேய்ந்த பெரிய செருப்பை ஒட்டி, நீலப் பட்டை வைத்த சின்னச் செருப்பு ஒரு ஜோடி உள்பக்கம் பார்த்துக் கிடந்தது. மூன்று மாதமாகத் தெருவைப் பார்க்காத செருப்பை எடுத்து ஒளிக்க யாருக்கும் தோன்றவில்லை.

டீ வந்தது. ஊ சோ லைங் ஊதி ஊதிக் குடித்தார். "மகள் மௌலமீன்லதானே?"

"ஆமா. அத்தை வீட்டுல," என்றாள் ருக்சானா. அதோடு நிறுத்திக்கொண்டாள். தங்கை தன்னைவிட நல்ல பொய்க்காரி என்று ஷம்சுதீன் அந்த நேரத்திலும் நினைத்துக்கொண்டார்.

"நல்ல ஊரு," என்றார் போலீஸ்காரர். கோப்பையை வைத்துவிட்டு எழுந்தார். கதவோரம் குந்தி உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றைக் கட்டினார். ஒன்றைக் கட்டி முடித்து, மற்றதைக் கட்டி முடித்து, எழுந்திருக்காமல் இருந்தார். போலீஸ்காரர் கையை நீட்டி நீலச் செருப்பை எடுத்தார். ஒன்றோடொன்று சேர்த்து, கோவில் வாசலில் பிக்குகளின் செருப்பைத் திருப்பி வைப்பது போல, தெருவைப் பார்க்கத் திருப்பி வைத்தார்.

"தலைவர் மூணு மணிக்கு வருவாரு," என்றார், யார் முகத்தையும் பார்க்காமல். "அடிச்சுத் திருத்தின தாளைக் கண்டா அவருக்குப் பிடிக்காது. நேர்ல வந்து வீட்டைப் பாத்தாத்தான் மனசு ஆறும். நானும் கூட வர வேண்டியிருக்கும்." டீக்கு நன்றி சொன்னார். போனார்.

மணி பதினொன்று நாற்பது.

ருக்சானா அழவில்லை. அலமாரியிலிருந்து ஒரு துணிப்பையை எடுத்தாள். இப்படி ஒரு நாளுக்காக அது முன்பே கட்டி வைக்கப்பட்டிருந்தது. தஸ்லீமா கன்னத்தில் தனாக்கா மரப்பட்டைச் சாந்து பூசி, தாமெய்ன் பாவாடை உடுத்தி, கல்லூரிக்குக் கிளம்பும் எந்தப் பர்மியப் பெண்ணையும் போல வந்து நின்றாள்.

"நான் கூடப் போறேன்," என்றார் அவர். "என்னால வந்தது. நான் கொண்டுபோய் விடுறேன்."

"வேண்டாம் மாமா. உங்களைத்தான் எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க."

"எங்க அனுப்புறே? அதையாவது சொல்லு ருக்சானா."

ருக்சானா அவர் அருகில் வந்தாள். சின்ன வயதில் பள்ளிக்கூடத்துக்குப் போகையில் பிடித்தது போல அவர் முழங்கையைப் பிடித்தாள். "காக்கா, கோவிச்சுக்காதீங்க. கொஞ்ச நேரம் பின்கட்டுல போய் இருங்க."

அவருக்குக் கோபம் வந்தது. அடுத்த மூச்சில் வடிந்தும் போயிற்று. மூன்று மணிக்கு வரப்போகிறவர்கள் முதலில் அவரைத்தான் கேட்பார்கள். அவர் கை எதையும் சரியாக எழுதிவிடும் கை.

தஸ்லீமாவின் தலையில் ஒருதரம் கையை வைத்துவிட்டுப் பின்கட்டுக்குப் போனார். அங்கே ஒரு பாய், ஜன்னலில் அறைந்த அட்டை, குளிக்கும் மூலையில் ஒரு சிமெண்டுத் தொட்டி. முன்னறையில் தாயும் மகளும் முணுமுணுத்தார்கள். கதவு திறந்தது. தெருவில் இடது பக்கம் போனால் ரயில், வலது பக்கம் போனால் படித்துறை. செம்மண்ணில் பதிந்த ஒரு காலடியை வைத்தே ஆள் எந்தப் பக்கம் போனான், சுமையோடு போனானா என்று சொல்லக்கூடியவர் அவர். வாசலில் செருப்பு சிமெண்டில் உரசி முதல் அடி எடுத்து வைக்கும் சத்தம் தெளிவாகக் கேட்டது. அடுத்த அடியும் கேட்டால் பக்கம் தெரிந்துவிடும்.

அவர் தொட்டிக்குப் பக்கத்தில் குந்தி, தகரக் குவளையை எடுத்து, தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து தொட்டிக்குள்ளேயே ஊற்றினார். திரும்பவும் மொண்டு ஊற்றினார். சட்டை நனைந்தது. கை வலித்தபோது மறு கைக்குக் குவளையை மாற்றிக்கொண்டு, வேறெந்தச் சத்தமும் காதில் விழாதபடி, விடாமல் ஊற்றிக்கொண்டிருந்தார்.