பட்டுச்சேலையும் படகு இஞ்சினும்

கல்யாணத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, மெர்போக் ஆற்றில் படகில் போய்ப் படம் எடுக்கலாம் என்று சொன்னவன் மாப்பிள்ளை மார்க்கஸ்தான். மீன்பிடிக்கவென்று பழைய படகு ஒன்றை இஞ்சினோடு புதிதாக வாங்கியிருந்தான். மணப்பெண் ஏமி உடனே தலையாட்டினாள். சுங்கைப்பட்டாணியில் ஒரு டயாலிசிஸ் நிலையத்தில் அவள் தாதி. வாரம் முழுக்க ஏர்கோன் அறைக்குள் அடைந்து கிடப்பவளுக்கு ஆற்றுக்காற்று என்றாலே கொண்டாட்டம்.

தேவாலயத்தில் ஞாயிறு பூசை முடிந்து, மயில்கழுத்து நிறப் பட்டுச்சேலையோடு படகில் ஏறினாள். பின்னால் இஞ்சினைப் பிடித்தபடி மார்க்கஸ். முன்னால், கேமராவைக் கைக்குழந்தைபோல் அணைத்துக்கொண்டு படக்காரர் காளிதாசன்.

இரண்டு பக்கமும் சதுப்புக்காடு நெருங்கிவந்த இடத்தில் இஞ்சின் சத்தம் கரகரத்தது. சூடேறிய வாடை வந்தது. திரும்பிப் பார்த்த மார்க்கஸ் சட்டென்று இஞ்சினை அணைத்தான்.

"ஐயோ, கென்சிங் வரல!"

"என்னது வரலயா?" காளிதாசன் பதறினார்.

"பின்னால ஓட்டையிலேருந்து தண்ணி பீச்சிக்கிட்டே இருக்கணும்ணே. மலாய்க்காரங்க அதைத்தான் இஞ்சின் கென்சிங் போகுதுன்னு சொல்வாங்க, அதான், ஒன்னுக்குப் போகுதுன்னு. அது நின்னா இஞ்சின் வெந்துரும். பம்ப் போச்சு போல லா. இனி யாராவது கட்டி இழுத்துட்டுப் போனாத்தான் உண்டு."

ஏமிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "கென்சிங் வரலைன்னா எங்ககிட்டதானே வரணும்! சொல்லு, தண்ணி எந்த வழியா உள்ள போகுது?"

"கீழ, விசிறிக்கு மேல, சல்லடை மாதிரி இருக்கும். ரப்பர் சக்கரம் ஒன்னு ஆத்துத்தண்ணியை உறிஞ்சி மேல ஏத்தும்."

"மேல போய்?"

"இஞ்சினைச் சுத்திவந்து சூட்டை வாங்கிக்கும். முக்கால்வாசி புகையோட கீழயே வெளிய போயிரும். மிச்சம்தான் இந்த ஓட்டையில வர்றது."

"அப்ப ஓட்டை மட்டும் அடைச்சிருந்தா இஞ்சின் இப்படிச் சூடாகாதே. தண்ணி மேலயே ஏறல."

மார்க்கஸ் இஞ்சினைக் குனிந்து பார்த்தான். வாங்கிய நாளிலிருந்து ஓட்டியும் அவன் இப்படி யோசித்ததில்லை.

"எங்க டயாலிசிஸ் மிஷின் கத்துனா நான் உடனே அதைக் கழட்ட மாட்டேன். குழாய் எங்கயாவது மடங்கிக் கிடக்கான்னுதான் பாப்பேன். தூக்கு பார்க்கலாம்."

அவன் இஞ்சினைச் சாய்த்துத் தூக்கிப் பிடித்தான். தண்ணீருக்கு மேலே வந்த இஞ்சின் காலில், சல்லடையை இறுக்கிப் போர்த்தியபடி ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் பை! ஏமி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு எட்டிக் குனிந்தாள். அவள் ஆற்றில் விழாமலிருக்கப் பின்னால் வந்து ஒரு கையால் செருகிய முந்தானையைப் பிடித்துக்கொண்ட காளிதாசன், மறுகையால் படம் எடுப்பதை மட்டும் நிறுத்தவில்லை. பை கிழிந்து கிழிந்து வந்தது. கடைசித் துண்டையும் உருவி எடுத்தபோது முழங்கை வரை சேறு.

இஞ்சின் ஆறட்டும் என்று மூவரும் கொண்டுவந்த கறிபாப் பலகாரத்தைத் தின்றபடி காத்திருந்தார்கள். பிறகு மார்க்கஸ் இஞ்சினைத் தண்ணீரில் இறக்கி, நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு அதன் கயிற்றை இழுத்தான்.

இஞ்சின் இருமியது. ஓட்டையில் ஒன்றுமில்லை. ஏமி எட்டிப் பார்த்தாள். கலங்கலாய் இரண்டு சொட்டு. பிறகு சர்ரென்று வில்லாய் வளைந்து பாய்ந்தது தண்ணீர்!

மூன்று பேரும் போட்ட கூச்சலில் கொக்குகள் எழுந்து பறந்தன. ஏமி தண்ணீரில் கையை நீட்டினாள். வெதுவெதுப்பாக இருந்தது.

"மார்க்கஸ், தொட்டுப் பாரேன்! சூட்டை அள்ளிக்கிட்டு வருது!"

அவன் தண்ணீரைத் தொடாமல் அவள் சேற்றுக்கையைப் பிடித்துக்கொண்டான்.

"அப்படியே இருங்க, அப்படியே!" என்றார் காளிதாசன்.

"போதும்ணே," என்று ஏமி எழுந்து இஞ்சின் பிடியைப் பற்றினாள். "நகரு மார்க்கஸ். இனி நான்தான் ஓட்டுவேன்."

படகு ஆற்றின் நடுவே நெளிந்து நெளிந்து, கடல் பக்கமாகப் போனது.