கருவாட்டு வரிசையும் கீரை வரிசையும்

வெள்ளானூர் ஏரிக்கரைத் தெருவில் கிழக்கு வரிசைக்காரர்கள் பேசுவது மேற்கு வரிசைக்காரர்களுக்குக் கேட்காமல் போய்ப் பல மாதம் ஆகிறது. ஆடியில் அம்மனுக்கு ஊற்றும் கூழுக்குத் தொட்டுக்கொள்ளக் கருவாட்டுக் குழம்பா, முருங்கைக்கீரையா என்று தொடங்கிய வினை அது. கிழக்கு கருவாடு என்றது, மேற்கு கீரை என்றது. ஆளுக்கொரு வாட்ஸ்அப் குழு ஆரம்பித்த அன்றைக்கே எதிர்வரிசையின் சத்தம் நின்றுபோனது. வசவு, வண்டி ஹாரன், குழாய் ஸ்பீக்கர் பாட்டு எதுவும் தெருவைத் தாண்டவில்லை. அதற்குப் பதிலாக, அவரவர் சொன்னதையே அவரவர் வீட்டுச் சுவர் வேண்டியவர்கள் குரலில் திருப்பிச் சொல்லியது. யாரும் இதைக் குறையாக எண்ணவில்லை. ஊரே நம் பக்கம் என்று இரண்டு வரிசையும் நிம்மதியாகத் தூங்கியது.

கிழக்கு வரிசை உலகநாதனுக்கு மண்ணூர்பேட்டை லேத் பட்டறையில் வேலை. கருவாட்டுக் கட்சியின் தூண். அவர் மனைவி ராணியோ, கூழுக்காகத் தெருக் கூட்டம் நடந்த அன்று, "ரெண்டையும் ஆக்குனா இன்னா கொறஞ்சா பூடும்?" என்று கேட்டுவிட்டாள். பாவம், அதிலிருந்து அவள் பேச்சு இரண்டு வரிசைக்குமே கேட்கவில்லை. அவளுக்கு மட்டும் எல்லார் பேச்சும் கேட்டுத் தொலைத்தது.

உலகநாதனுக்கு வித்தியாசமே தெரியவில்லை. அவர் "கருவாடுதான்" என்றால், சுவர் ராணியின் குரலில் "கருவாடுதான்" என்றது. "எம் பொண்டாட்டி ஒரு வார்த்த எதுத்துப் பேசமாட்டா மச்சான்" என்று பட்டறையில் பீற்றிக்கொண்டார். பல்வலி என்று ராணி அழுத ராத்திரிகூட, அவர் காதில் கருவாட்டின் பெருமைதான் விழுந்தது. தை மாதம் ஒருநாள் அவள் பையைத் தூக்கிக்கொண்டு, "யோவ், நான் அக்கா ஊட்டுக்குப் போறேன். நீ வந்து கூப்ட்டாத்தான் வருவேன்" என்றாள். மனிதர் திருப்தியாகத் தலையாட்டினார்.

மறுநாளும் வீடு அவரோடு ஒத்துத்தான் பேசியது. பசி எடுத்தபோது, "ராணி, சோறு போடு" என்றார். "சோறு போடு" என்றது சுவர். அடுக்களையை எட்டிப் பார்த்தார், ஆளில்லை. அவள் பையும் இல்லை. அக்கா வீட்டுக்குத்தான் போயிருப்பாள் என்று கிளம்பினார்.

நெமிலிச்சேரியில் அக்கா வீட்டு வாசலில் ராணி வாய் அசைவதைப் பார்த்தார். சத்தமே இல்லை. "அவ பேசறது உனக்குக் கேக்கலியா தம்பி?" என்றாள் அக்கா. உலகநாதன் வெட்கமில்லாமல் அழுதார். "நீ சொன்னது சரிதான் ராணி, ரெண்டையும் ஆக்கலாம்" என்று சொல்லியும் பார்த்தார். வாய்வார்த்தைக்குக் காது மசியவில்லை. அக்கா தட்டில் கூழை ஊற்றி, ஒரு பக்கம் கருவாடும் ஒரு பக்கம் கீரையும் வைத்தாள். கீரையை மனசில்லாமல்தான் தொட்டார். இரண்டாவது வாயில், அட, இதுவும் நன்றாகத்தானே இருக்கிறது என்று உள்ளபடியே தோன்றியது. உடனே காது திறந்து, ஆடியிலிருந்து தை வரை ராணி திட்டியதெல்லாம் வரிசை தப்பாமல் வந்து விழுந்தது. முடிய விளக்கு வைக்கும் நேரமாகிவிட்டது.

இப்போது உலகநாதன் பேச்சும் எந்த வரிசைக்கும் கேட்பதில்லை. டீக்கடையில் சர்க்கரை கம்மி என்பதைச் சைகையில்தான் சொல்கிறார். தொண்டையில் ஏதோ கோளாறு என்று கட்சிக்காரர்கள் பரிதாபப்படுகிறார்கள். சுவரும் ஓய்ந்துவிட்டது. ஆனால் வீட்டில் அவர் ஒன்று சொன்னால் ராணி நாலு சொல்கிறாள், அதில் ஒன்றுகூட அவர் சொன்னது இல்லை. பட்டறை விட்டதும் மனிதர் எங்கேயும் நிற்காமல் வீட்டுக்கு வந்துவிடுகிறார்.