பத்துக்கு இரண்டு

வாரத்துக்கு ஒரு நாள், சம்பளத்தோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து ருசி பார் என்றால் யாருக்குத்தான் கசக்கும்? டப்பா உணவு தயாரிக்கும் அந்தக் கம்பெனியின் லேபிள் பிரிவில் இருந்த அக்காவுக்கும் கசக்கவில்லை, அந்தச் செவ்வாய்க்கிழமை வரை. கம்பெனியின் வெவ்வேறு பிரிவுகளிலிருந்து ஏழு பேர், நடுவில் பலகைத் தடுப்புகள். எதிரே உள்ள சின்ன ஜன்னல் வழியாக மூடி போட்ட கிண்ணம் வரும். அதன் மேல் ஒரு எண் மட்டும் ஒட்டியிருக்கும். சமைத்தது யார் என்று தெரியக் கூடாதாம். ஒரு வாய் தண்ணீர், ஒரு கரண்டி உணவு, பத்துக்கு எத்தனை என்று எழுத ஒரு தாள். சராசரி ஆறு வந்தால்தான் பண்டம் கடைக்குப் போகும்.

அன்றைக்குக் கிண்ணத்தைத் திறக்கும் முன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு நாள் புளிக்க வைத்த சோற்றுக் கஞ்சி, அதில் வறுத்துப் பொடித்த கருவாடு. அவர்கள் பிறந்த பக்கத்தில் காய்ச்சல் என்றாலும் அதுதான், கவலை என்றாலும் அதுதான். சமைத்தது தம்பி. இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பனான அவன், அதே கம்பெனியின் சோதனைச் சமையலறையில் தற்காலிக ஆள். அவன் கொடுத்த பண்டம் ஒன்று தேறினால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் மாதக் கடைசியில் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். இது அவளுக்கு நன்றாகவே தெரியும்.

ஒரு வாய் போட்டாள். அச்சு அசல் அம்மா கைப்பக்குவம். ஒன்பது போடலாம் என்று பேனாவை எடுத்தாள். அப்போது வலப்பக்கத் தடுப்பில் கணக்குப் பிரிவு அம்மாள் ஓங்கரிக்கும் சத்தம் கேட்டது. இடப்பக்கத்தில் காவலாளி, எங்கேயாவது எலி செத்துக் கிடக்கிறதா பாருங்கப்பா என்றார். வரிசை முழுக்கச் சிரித்தது.

அந்தச் சிரிப்பு அவளுக்குப் புதுசில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம், இதே கஞ்சியைச் சாப்பாட்டு அறையில் திறந்தபோது கேட்ட சிரிப்புதான். பக்கத்து நாற்காலிக்காரி தட்டைத் தூக்கிக்கொண்டு வேறு மேஜைக்குப் போனாள். மறுநாளிலிருந்து பதினோரு வருஷமாக அக்காவுக்கு மதியம் ரொட்டிதான். தாளில் கையெழுத்து வேறு போட வேண்டும். ஒன்பது போட்டால் மேற்பார்வையாளர் பார்ப்பார், நாலு பேரிடம் சொல்வார், பழைய கதை கிளம்பும். பயந்தாங்கொள்ளிக்கு யோசனைக்கா பஞ்சம்? இரண்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

வெளியே வந்த பிறகுதான் வேடிக்கை. லாரி டிரைவர் இன்னொரு கிண்ணம் கிடைக்குமா என்று ஜன்னலில் கெஞ்சிக்கொண்டிருந்தார். எலி என்ற காவலாளியே, உடம்பு வலிக்கு அருமையாக இருக்கும், ஏழு போட்டேன் என்றார். ஓங்கரித்த அம்மாள்கூட, வாசனைதான் ஆகவில்லை, வாயில் வைத்தால் பரவாயில்லை என்று ஐந்து கொடுத்திருந்தாள். அக்காவுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

சாயங்காலம் தம்பி தூக்குச்சட்டியோடு அவள் வீட்டுக்கு வந்தான். மயிரிழையில் போய்விட்டதாம். மேற்பார்வையாளர் பெயர்களைச் சொல்லவில்லை, எண்களை மட்டும் காட்டினாராம்.

"யாரோ ஒருத்தர் ரெண்டு போட்டிருக்காங்கக்கா. அது நாலா இருந்திருந்தாகூடத் தேறியிருக்கும். அடுத்த வாரம் இன்னொரு தடவை பார்க்கலாம்னு சொல்லியிருக்கார். அந்த ஆளுக்கு எது பிடிக்கலைன்னு நீதான் கண்டுபிடிச்சுச் சொல்லணும்."

கிண்ணத்தில் ஊற்றி நீட்டிவிட்டு அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தவள், கிண்ணத்தை வாங்கி ஒரு மடக்கு குடித்தாள். எதையாவது சொல்லித் தொலைக்க வேண்டுமே என்று, "புளிப்பு கொஞ்சம் தூக்கலா இருக்குடா" என்றாள்.

"அம்மா வைக்கிற அளவுதானேக்கா?"

"எல்லாருக்கும் அம்மா நாக்கா இருக்கும்?"

அவன் கொஞ்சம் யோசித்துவிட்டுத் தலையாட்டினான். அக்கா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்பது அவனுக்குச் சின்ன வயசிலிருந்தே பழக்கம். அவன் போன பிறகு மிச்சக் கஞ்சியை அவள் நின்றபடியே குடித்து முடித்தாள். நல்லாத்தான் இருந்தது. தன் மேலேயே அவளுக்கு அருவருப்பாக வந்தது.

அடுத்த வாரம் வந்தது ஒரே நாள் புளித்த கஞ்சி. எதற்கும் இருக்கட்டும் என்று கருவாட்டையும் குறைத்திருந்தான். யாரும் ஓங்கரிக்கவில்லை, யாரும் சிரிக்கவில்லை. டிரைவர் பாதியில் வைத்துவிட்டார். வெந்நீரில் சோற்றைக் கரைத்தால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. அக்கா அழுத்தி எழுதிப் பத்து போட்டாள். பத்துக்கு மேல் போட இடமிருந்தால் அதையும் போட்டிருப்பாள். மற்ற ஆறு பேரும் ஐந்தைத் தாண்டவில்லை.

மாதக் கடைசி நாளன்று தம்பி தன் கத்தியையும் ஏப்ரனையும் பையில் போட்டுக்கொண்டு லேபிள் பிரிவுக்கு வந்தான். அவன் முகத்தில் கோபமில்லை. இருந்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"எல்லாம் நாலும் அஞ்சுமா இருந்துச்சு. நடுவுல ஒரே ஒரு பத்து. அது நீதான்னு பார்த்ததுமே தெரிஞ்சுது. எனக்கு அது போதும்க்கா."

அவள் இயந்திரத்தை நிறுத்தினாள்.

"முதல் வாரம் அந்த ரெண்டு போட்டதும் நான்தான்டா."

சிரித்தார்கள், பயந்துவிட்டேன், பழைய கதை என்று அதற்குப் பிறகு அவள் சொன்னதெல்லாம் முன்னும் பின்னுமாக வந்தது. அவன் திட்டவில்லை. பையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினான்.

"அப்ப புளிப்பு சரியாத்தான் இருந்துச்சா?"

"சரியாத்தான் இருந்துச்சு."

"நீ சொன்னதுலேர்ந்து வீட்டுலயும் குறைச்சுத்தான் வைக்கிறேன்" என்றான். "பிள்ளைங்க ரெண்டும் தொட மாட்டேங்குதுங்க."