வக்கீல் விப்பிள் பிறந்த கோழிக்கூடு

லைசாண்டர் விப்பிள் வக்கீல் பிறந்தது குன்றின் மேலிருக்கும் செங்கல் வீட்டில். அப்பா மருந்துக்கடை வைத்துக் கொழித்தவர். பிரசவத்துக்கு இரண்டு டாக்டர்கள் வந்துபோன கதை ஓஹையோவில் எங்கள் ஊருக்கே தெரியும். ஆனால் எங்கள் ஜனங்களுக்கு ஒரு வியாதி உண்டு. மரக்கட்டைக் குடிசையில் பிறக்காதவனுக்கு ஓட்டுப் போட மனசு வராது.

விப்பிள் ஒன்றரை வருஷம் இன்னொரு வக்கீலின் மைக்கூட்டைத் துடைத்துச் சட்டம் படித்தவர். அவர் வாதாடிய அழகைத் தாங்காமல், விடுதலையாக வேண்டிய குதிரைத் திருடனே, "போதும்யா, நான்தான் திருடினேன்" என்று எழுந்து நின்றான். கோர்ட்டில் வேகாத பருப்பு அரசியலில் வெந்தது. மூன்று கட்சி மாறி, மாநிலச் சட்டசபையில் நான்கு வருஷம் தூங்கி எழுந்து, இப்போது வாஷிங்டன் போகத் தேர்தலில் நின்றார்.

குடிசைக்கு எங்கே போவது? கெசையா டன்னின் கொல்லையில் ஒன்று இருந்தது. அவள் பிறந்த குடிசை. இப்போது அதில் கோழிகள் அடைகின்றன. அவளைக் கேட்காமலே அவள் புருஷன் எனோஸ் அதை வக்கீலுக்குத் தருவதாகச் சொல்லிவிட்டு வந்தான்.

"ஜெயிச்சா தபாலாபீஸ் வேலை எனக்குத்தான்னு சொல்லிட்டார், கெசையா. நீ செய்ய வேண்டியது ஒண்ணுதான். வாயைத் திறக்காம இரு."

"கோழிக்கூட்டுல பொறந்தேன்னு அவர் சொல்லிக்கட்டும், பொருத்தமாத்தான் இருக்கு. கதவு நிலையை மட்டும் விட்டுட்டுப் போகச் சொல்லுங்க."

"நிலை இல்லாம குடிசை எப்படி நிக்கும்?"

அந்த நிலையில் பதினொரு கத்திவெட்டுகள் இருந்தன. தம்பி சைலஸுக்கு ஒன்பது வயசானதிலிருந்து பிறந்தநாள்தோறும் அம்மா அவனை நிறுத்தி, தலைக்கு நேராகப் போட்ட கோடுகள். கடைசிக் கோடு பத்தொன்பதாவது வயசில். அந்த வருஷம்தான் போருக்குப் போனான். உடம்புகூட ஊர் திரும்பவில்லை. தம்பி என்று அவளுக்கு மிச்சம் அந்த நிலைதான்.

கட்டைகளுக்கு நம்பர் போட்டுப் பிரித்து, மாட்டுவண்டியில் கொண்டுபோய்க் கோர்ட்டு எதிரே மறுபடி அடுக்கினார்கள். தேர்தல் கூட்டத்தன்று பேண்டு வாத்தியம், முழுசாகச் சுட்ட மாடு, சைடர் என்ற ஆப்பிள் மது நிறைந்த பீப்பாய்கள். கெசையா வாயை மூடிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

விப்பிள் குடிசை வாசலில் நின்று குரலைத் தழுதழுக்க விட்டார். "இந்தக் கோடுகளைப் பாருங்க, சகோதரர்களே. வருஷா வருஷம் எங்கம்மா என்னை இங்க நிறுத்தி வெட்டினது."

கெசையா எழுந்தாள். எனோஸ் அவள் பாவாடையைப் பிடித்து இழுத்தான். அது கையில் நிற்கவில்லை.

"வக்கீலய்யா, அப்படியே சாய்ஞ்சு நில்லுங்க. உங்கம்மா நிறுத்தின மாதிரி."

"எதுக்கும்மா அதெல்லாம்?"

"நில்லுங்க, எல்லாரும் பார்க்கட்டும். தொப்பியைக் கழட்டிட்டு."

கூட்டம் கழுத்தை நீட்டியது. விப்பிளுக்கு வேறு வழியில்லை. அவர் தலை ஏழாவது கோட்டோடு நின்றது. மேல்கோடு இன்னும் ஒரு சாண் உயரத்தில் இருந்தது.

"மழையில நனைஞ்சு சுருங்கிட்டாரு போல" என்றது சைடர் பீப்பாய்ப் பக்கம் ஒரு குரல்.

"இல்லடா, ஒவ்வொரு கட்சி மாறும்போதும் நாலு விரல் கொறைஞ்சிருக்கும்."

"இது எங்க சைலஸோட உசரம்" என்றாள் கெசையா.

சிரிப்பு அடங்கியது. சைலஸோடு போருக்குப் போய்த் திரும்பிய இரண்டு பேர் தொப்பியைக் கழற்றினார்கள். விப்பிளின் தொப்பி ஏற்கெனவே கையில் இருந்ததால், அவரும் மரியாதை செய்தது போலவே ஆயிற்று. அப்படிப்பட்ட ஜாதகம் அவருக்கு.

அந்த இருவரும் அன்று சாயங்காலமே நிலையைப் பெயர்த்துத் தோளில் சுமந்து வந்தார்கள். இப்போது அது கெசையாவின் சமையலறை வாசலில் நிற்கிறது.

விப்பிள் ஜெயித்தாரா என்று கேட்கிறீர்களா? ஜெயிக்காமல்? தபாலாபீஸ் வேலை அவர் மச்சானுக்குப் போனது. எனோஸ் ஒரு மாசம் பெண்டாட்டியோடு பேசவில்லை. அதுவும் லாபம்தான் என்கிறாள் அவள். கோர்ட்டு எதிரே குடிசை ஒருபக்கம் சாய்ந்து, "மாண்புமிகு விப்பிள் பிறந்த இடம்" என்ற பலகையோடு நிற்கிறது. கெசையாவின் கோழிகள் மட்டும் தினமும் தெருவைக் கடந்து போய் அங்கேயே முட்டையிட்டுவிட்டு வருகின்றன.