உதடு காட்டாத எழுத்து

குமாரபாளையத்தைச் சுற்றி எங்கே கபடிப் போட்டி நடந்தாலும், எந்த டீம் வருகிறது என்று கேட்பதற்கு முன்னால் மைக் யார் பிடிக்கிறார்கள் என்று கேட்பார்கள். தங்கசாமி என்றால் கூட்டம் தானாகச் சேரும். பாவு நூல் சுற்றிய பீம் உருளைகளை விசைத்தறிப் பட்டறைகளுக்கு ஏற்றிப்போகும் மினி லாரி ஓட்டுவது அவர் பிழைப்பு. ஞாயிற்றுக்கிழமையானால் வண்டியை நிறுத்திவிட்டு மைதானத்து மேசைக்குப் பின்னால் உட்கார்ந்துவிடுவார். ரைடுக்குப் போகிறவன் நடுக்கோட்டைத் தாண்டுவதற்குள் அவன் ஊர், தெரு, போன சித்திரையில் யார் காலை வாரிவிட்டான் என்பதெல்லாம் ஒரே மூச்சில் வந்து விழும். ஆட்டம் தெரியாதவர்கள்கூட அவர் குரலுக்காக நின்று கேட்பார்கள்.

ஐம்பத்து மூன்று வயதில் அந்தக் குரல் கம்மியது. தூசி, சளி என்று நாலைந்து மாதம் ஓட்டினார். கடைசியில் ஈரோட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்து, குரல்வளையில் புற்று என்றார்கள். குரல்வளையை முழுதாக எடுத்துவிட்டு, மூச்சு விடக் கழுத்தின் அடியில் ஒரு துளை வைத்தார்கள். உயிருக்கு ஒன்றும் இல்லை. ஆனால் மூச்சு இனி வாய்ப்பக்கம் வராது என்பதால், கத்துவது இருக்கட்டும், காதோடு கிசுகிசுக்கவும் வழியில்லை.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் யுவஸ்ரீ என்ற பெண், டார்ச் லைட் போல ஒரு கருவியைக் கொண்டுவந்து காட்டினாள். கழுத்தில் வைத்து அமுக்கினால் ‘ர்ர்ர்’ என்று அதிரும். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் அதை வைத்துக்கொண்டு, “சாப்பிட்டீங்களா?” என்று இவரிடம் கேட்டார். ஒரே சுருதியில், ஏற்ற இறக்கமே இல்லாமல், பம்புசெட்டுக்குள் இருந்து யாரோ பேசுவது போலிருந்தது. தங்கசாமி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். யுவஸ்ரீ திரும்பத் திரும்ப எடுத்துச் சொல்லியும் அதைத் தொடவில்லை. அப்படிப் பேசுவதற்குப் பேசாமலே இருந்துவிடலாம் என்று போனில் தட்டி அவளிடம் காட்டினார்.

வீட்டுக்கு வந்த மறுநாள் காலையில்தான் அது நடந்தது. குளிக்கப் போனவர், பழக்கத் தோஷத்தில் வாயை அசைத்து, “துண்டு எங்க?” என்று கேட்டுவிட்டார். சத்தம் ஒன்றும் வரவில்லை.

“கொடியில கெடக்குது பாருங்க” என்றாள் அவர் மனைவி ராசாத்தி, அடுப்பில் இருந்ததைக் கிளறிக்கொண்டே.

சொன்ன பிறகுதான் இரண்டு பேருக்கும் உறைத்தது. அவர் அப்படியே நின்றார். அவள் கரண்டியோடு திரும்பினாள்.

“எப்படித் தெரிஞ்சுது?” என்று வாயை அசைத்தார்.

“எப்படின்னா? தறிப் பட்டறைல முப்பது வருசமா நாங்க இப்படித்தானுங்க பேசறோம்” என்றாள் அவள். இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்பது போல.

முப்பது வருஷமாக அவரும் பட்டறைகளுக்குப் போய்வருகிறவர்தான். பீமை இறக்கும்போது தொண்டை நரம்பு புடைக்கக் கத்துவார். தறிக்காரப் பெண்கள் சிரிப்பார்கள். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று அவர் யோசித்ததில்லை. இப்போதுதான் புரிந்தது. முப்பது தறி ஓடுகிற இடத்தில் எந்தக் குரலும் எடுபடாது. அங்கே குரலை நம்பினவர் அவர் ஒருத்தர்தான்.

அன்றைக்கு முழுக்க அவளைச் சோதித்துப் பார்த்தார். ஊர்ப் பெயராகச் சொன்னார். திருச்செங்கோடு, சங்ககிரி, நங்கவள்ளி, ஜலகண்டாபுரம். ஒன்றுவிடாமல் சொன்னாள். கபடிக்காரர்கள் பெயரைச் சொன்னார். கேள்விப்படாத பெயருக்குத்தான் கொஞ்சம் திணறினாள். அவள் பார்ப்பது உதட்டை மட்டும் இல்லை என்று பார்த்துக்கொண்டிருந்தபோது தெரிந்தது. கன்னம் உள்வாங்குவது, தாடை இறங்குவது, பல்லுக்கு நடுவே நாக்கு எட்டிப் பார்த்துவிட்டுப் போவது, புருவம் என்று மொத்த முகத்தையும் ஒரே பார்வையில் எடுத்துக்கொண்டாள். கட்டிக்கொண்ட நாளிலிருந்து கூட இருப்பவளிடம் இப்படி ஒரு வித்தை இருந்தது தனக்குத் தெரியவே இல்லையே என்று நினைக்க நினைக்க அவருக்கு வெட்கமாகவும் பெருமையாகவும் இருந்தது.

அதற்கப்புறம் மத்தியானச் சோற்றைத் தூக்குப்போசியில் எடுத்துக்கொண்டு அவரே பட்டறைக்குப் போக ஆரம்பித்தார். உள்ளே நுழைந்தால் காது அடைத்துக்கொள்ளும். அந்த இரைச்சலில் கடைசித் தறியில் நிற்கும் சித்ரா, முதல் தறிக்காரியிடம் மாமியார் வீட்டுக் கதையைச் சாவகாசமாகச் சொல்லிக்கொண்டிருப்பாள். போகப் போக அவருக்கும் உதட்டைப் படிக்கக் கொஞ்சம் பிடிபட்டது. இவர் போனதும் அவரிடமும் கேள்வி வரும். பதில் சொல்வார். ஒரு நாள் சித்ரா, “அண்ணா, ஒரு மேட்ச் சொல்லுங்க” என்று கேட்டாள். பீம் மேல் ஏறி உட்கார்ந்து, கையை மைக் மாதிரி பிடித்துக்கொண்டு, சத்தமில்லாமல் ஒரு ரைடு முழுவதையும் சொன்னார். அறுந்த இழையைப் பிணைக்க மறந்து இரண்டு பேர் தறியை நிறுத்திவிட்டு நின்றார்கள். எல்லோரும் சிரித்தார்கள். தனக்குக் குரல் போய்விட்டது என்பதே அந்தக் கொஞ்ச நேரம் அவருக்கு மறந்துபோனது.

இப்படியே இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தார்.

மகள் நிலாவை மேட்டூரில் கொடுத்திருந்தது. மாப்பிள்ளை அங்கே அனல்மின் நிலையத்தில் வேலை. நிலா மாசமாக இருந்தாள். அடுத்த வாரம் கட்டுச்சோறு விருந்து வைத்துப் பிரசவத்துக்கு வீட்டுக்குக் கூட்டிவருவதாகப் பேச்சு. ராசாத்தி பட்டறைக்குப் போனால் அவள் போன் வீட்டில்தான் இருக்கும். ஒரு நாள் காலை பதினோரு மணி வாக்கில் அது அடித்தது.

“அம்மா” என்றாள் நிலா. பதில் வராததும், “அப்பாவா? அப்பா, வலி எடுத்திருச்சுப்பா. ஆஸ்பத்திரிக்குப் போயிட்டிருக்கோம். அம்மாவ உடனே வரச் சொல்லுங்க” என்றாள். மூச்சு வாங்கியது அவளுக்கு. “அப்பா, கேக்குதா? ஒரு வார்த்த சொல்லுங்கப்பா.”

அவர் வாய் திறந்து திறந்து மூடியது. “வாரோம் சாமி, பயப்படாத” என்று எத்தனையோ முறை சொன்னார். ஒன்றும் போய்ச் சேரவில்லை. விரல் மடக்கிப் போனைத் தட்டினார். “அப்பா?” என்றாள் அவள் மறுபடி. தட்டினார். பிறகு வலி வந்து அவள் போனை யாரிடமோ கொடுத்துவிட்டாள்.

போனை அங்கேயே போட்டுவிட்டுத் தெரு தாண்டிப் பட்டறைக்கு ஓடினார். ராசாத்தி தறிக்கு அந்தப் பக்கம் நின்றாள். கையை ஆட்டிக் கூப்பிட்டு, “பாப்பா போன்” என்றார்.

நிலாவை வீட்டில் பாப்பா என்றுதான் கூப்பிடுவார்கள். ராசாத்தி சலித்துக்கொண்டாள். “பொறவு பேசறேன்னு தட்டி அனுப்புங்க. பேச ஆரம்பிச்சா வெக்க மாட்டாங்க” என்று உதட்டால் சொல்லிவிட்டு ஊடு நூல் தீர்ந்த நாடாவை மாற்றக் குனிந்தாள்.

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. தோளைப் பிடித்துத் திருப்பி, “பாப்பா, பாப்பா” என்றார்.

“மாமாதான், தெரியுதுங்க. அவருக்கென்ன அவசரம்?”

ஜலகண்டாபுரத்தில் இருக்கும் அவள் தாய்மாமன் அப்புசாமியைச் சொல்கிறாள் என்று அப்போதுதான் புரிந்தது. அவர் தினம் போன் போட்டு ஊர்க்கதை பேசுகிறவர். தங்கசாமி இன்னும் நிறுத்தி, இன்னும் அழுத்தி, “பாப்பா” என்றார். எத்தனை அழுத்தினாலும் அவளுக்கு மாமாவாகத்தான் தெரிந்தது. வாழ்க்கையில் முதல்தடவையாக ஒரு வார்த்தை அவர் கையை விட்டு நழுவி வேறு வார்த்தையாகப் போய் விழுந்துகொண்டிருந்தது. கடைசியில் எப்படியோ தோன்றி, “நிலா” என்றார். நாக்கு மேல்பல்லைத் தொட்டு இறங்கியது. அவள் முகம் மாறியது. கையால் வயிற்றைக் காட்டினார். அவ்வளவுதான். தறியை நிறுத்திவிட்டு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே ஓடிவந்தாள்.

மினி லாரியில்தான் மேட்டூர் போனார்கள். வழியெல்லாம் அவள் ஏதோ கேட்டுக்கொண்டே வந்தாள். வண்டி ஓட்டுகிறவன் முகத்தை ஒரு பக்கமாகத்தான் பார்க்க முடியும் என்பதால் அவர் சொன்னதில் பாதி அவளுக்கு எட்டவில்லை.

போய்ச் சேர்ந்தபோது குழந்தை பிறந்திருந்தது. பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் சுகம். சாயங்காலம் நிலா அவரைப் பார்த்து மெல்லச் சிரித்தாள். “நீங்க டொக்கு டொக்குன்னு தட்டுனது கேட்டுச்சுப்பா. அங்க இருக்கறீங்கன்னு தெரிஞ்சுது. என்ன சொல்றீங்கன்னுதான் தெரியல” என்றாள். குறையாகச் சொல்லவில்லை. ஆனாலும் அந்தச் சொல் அவரை விடவில்லை. அடுத்த வாரம் ராசாத்தியையும் கூட்டிக்கொண்டு ஈரோட்டுக்குப் போனார்.

யுவஸ்ரீ நடந்ததைக் கேட்டுவிட்டு ராசாத்தியைப் பார்த்தாள். “சத்தமே இல்லாம இவ்வளவு புரிஞ்சுக்கறதே பெருசுங்க. எனக்கு வராது. ஆனா பாப்பாவையும் மாமாவையும் யாராலயும் உதட்டுல பிரிக்க முடியாதுங்க. ரெண்டுக்கும் உதடு ஒரே மாதிரிதான் மூடித் திறக்குது. வித்தியாசம் மூக்குலதான் இருக்குது. வேணும்னா மூக்க இறுக்கிப் புடிச்சுட்டு மாமான்னு சொல்லிப் பாருங்க.”

ராசாத்தி மூக்கைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். பாபா என்பது போல வந்து விழுந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. திரும்பவும் சொல்லிப் பார்த்தாள்.

யுவஸ்ரீ அந்தக் கருவியை எடுத்துத் தன் கழுத்திலேயே வைத்தாள். “ஐயா, நான் மூச்ச அடக்கிக்கறேன். என் தொண்டைல இருந்து எதுவும் வராது. கேளுங்க” என்றாள். பொத்தானை அமுக்கினாள். அதே ‘ர்ர்ர்’. வாயைத் திறந்தாள், அது ‘ஆ’ ஆனது. நாக்கை மேலே தூக்கி முன்னால் தள்ளினாள், ‘ஈ’. உதட்டைக் குவித்தாள், ‘ஊ’. கருவி மாறவே இல்லை. ஒரே அதிர்வு.

தங்கசாமி நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

“குடத்துல தண்ணி புடிக்கறப்ப நெறைய நெறையச் சத்தம் மாறுதில்லீங்களா? குழாய் அதேதான். உள்ள இருக்கற எடம் சின்னதாகுது, சத்தம் மாறுது. வாயும் அப்படித்தானுங்க. தொண்டைல இருந்து வர்றது வெறும் அதிர்வு. அத ஆ-வா ஈ-யா பண்றது நாக்கும் தாடையும் உதடும். அதெல்லாம் உங்களுக்கு அப்படியே இருக்குது. அப்புறம் இன்னொண்ணு. சில பாசைல க-வுக்குத் தொண்டை அதிர்வு இருந்தா ஒரு எழுத்து, இல்லாட்டி வேற எழுத்து. இந்தக் கருவில அதெல்லாம் குழம்பும். நம்முளுக்கு ரெண்டுக்கும் ஒரே எழுத்துதான். கேக்கறவங்க காது தானாச் சரி பண்ணிக்கும்.”

தன் குரல் போய்விட்டது என்று அவர் துக்கப்பட்டுக்கொண்டிருந்தது வெறும் மோட்டாருக்காகத்தான் என்று தங்கசாமிக்குத் தோன்றியது. துணியை நெய்த தறி முழுசாக வாய்க்குள்ளேயே இருந்திருக்கிறது. அதை ராசாத்தி முதல் நாளே பார்த்துவிட்டாள். கையை நீட்டிக் கருவியை வாங்கிக்கொண்டார்.

கழுத்தில் எங்கே வைத்தால் அதிர்வு உள்ளே இறங்குகிறது என்று கண்டுபிடிக்கவே அன்றைய பொழுது போனது. கிளம்புவதற்கு முன் யுவஸ்ரீ ராசாத்தியைச் சுவரைப் பார்த்து உட்காரச் சொன்னாள். தங்கசாமி பொத்தானை அமுக்கி ஒரு வார்த்தை சொன்னார்.

“மாமா” என்றாள் ராசாத்தி திரும்பாமல்.

இன்னொன்று சொன்னார். அவள் முதுகு லேசாகக் குலுங்கியது. “பாப்பாங்க” என்றாள்.

ச-தான் அவரைப் படுத்திவைத்தது. அதற்கு மூச்சு சீற வேண்டும். மூச்சோ கழுத்தோடு போய்விடுகிறது. சேலம் என்றால் ஏலம் என்று வந்தது. வாய்க்குள் இருக்கிற கொஞ்சம் காற்றையே பல்லிடுக்கில் பிதுக்கப் பழகினார். சுருதி ஏறாது, இறங்காது என்பதற்கும் வழி கண்டுபிடித்தார். முன்னால் குரலை உயர்த்திய இடத்தில் இப்போது நிறுத்தினார். ஒரு வார்த்தையை இழுத்தார், அடுத்ததைச் சட்டென்று வெட்டினார். மைக் பிடித்த வருஷங்களில் எங்கே நிறுத்தினால் கூட்டம் மூச்சைப் பிடிக்கும் என்று கற்றது தொண்டையோடு போகவில்லை. நிலாவுக்குப் போன் போட்டு, “என்ன சாமி, கொழந்த தூங்குனாளா?” என்று முதன்முதலில் கேட்டபோது அவள் இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். பிறகு, “சத்தம் யாருதோ மாதிரி இருக்குதுப்பா. பேசறது நீங்கதான்” என்றாள்.

மூன்றாம் மாதம் நிலா குழந்தையோடு குமாரபாளையம் வந்தாள். குழந்தை வாய்விட்டுச் சத்தம் போட ஆரம்பித்திருந்தது. தொண்டை கணீரென்று இருந்தது. எட்டு வீடு கேட்கும். ஆனால் வார்த்தை எதுவும் இல்லை. நாக்கை என்ன செய்வது, உதட்டை என்ன செய்வது என்று இன்னும் தெரியாது. தங்கசாமி பாயில் அதன் பக்கத்தில் படுத்து மணிக்கணக்காக அந்த வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். தன்னிடம் இல்லாதது அதனிடம் அத்தனை இருந்தது. அதனிடம் இன்னும் வராதது தன்னிடம் இருந்தது.

ஒரு நாள் மத்தியானம் கருவியைக் கழுத்தில் வைத்து, வாயை நன்றாகத் திறந்து, “ஆ” என்றார். குழந்தை கையைக் காலை ஆட்டுவதை நிறுத்திவிட்டு அவர் உதட்டைப் பார்த்தது. அவர் உதட்டை மெல்லக் குவித்து “ஊ” என்றார். சின்ன உதடு இரண்டும் நடுங்கி நடுங்கி ஒன்றாகக் கூடின. கொஞ்சம் எச்சில் வழிந்தது. அப்புறம் ஒரு சத்தம் வந்தது. ஊ இல்லை, ஆவும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் எதுவோ.

“ராசாத்தி, இங்க வா” என்று கூப்பிட்டார். ச தெளிவாகவே வந்தது. அவர் கவனிக்கவில்லை. அவர் கண் குழந்தையின் வாய் மேலேயே இருந்தது.