வலது ஓரத்தில் மூன்று புள்ளி

வீட்டுக்கு லேசர் பிரிண்டர் வாங்கலாமா என்று யாராவது என்னிடம் கேட்டால், வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் வீட்டில் அதை யார் தொடுகிறார்கள் என்று ஒரு கண் வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். அந்தக் கண்றாவியின் நல்லது கெட்டது இரண்டும் எனக்கு அத்துப்படி.

2007 பொங்கலுக்கு முந்தின வாரம் என் கணவர் வளவன் அதைச் சென்னையில் வாங்கி, மடியில் வைத்துக்கொண்டே திருவண்ணாமலை வரைக்கும் பஸ்ஸில் வந்தார். இருப்பதிலேயே விலை கம்மியான மாடல். செங்கம் ரோட்டில் நாங்கள் குடியிருந்த மாடி வீட்டில் அதை வைக்கத் தனி மேசை இல்லை. என் தையல் மெஷின் மூலைக்குப் போனது, அதன் இடத்தில், கம்ப்யூட்டரை ஒட்டி, இது உட்கார்ந்தது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். மாதக்கணக்கில் சும்மா கிடந்தாலும் மை காயாது, ஏனென்றால் உள்ளே இருப்பது பொடி. ஈரக் கை பட்டாலும் எழுத்து கரையாது. நான் பள்ளிக்கூடத்து டீச்சர். கேள்வித்தாளுக்கும் மார்க் லிஸ்டுக்கும் கடையில் போய் வரிசையில் நிற்கும் தொல்லை ஒழிந்தது. அவ்வளவுதான் நல்லது.

கெட்டது கேளுங்கள். ஆன் பண்ணினால் வீட்டு ட்யூப்லைட் கண்ணடிக்கும். பத்துப் பக்கம் எடுத்தால் காகிதம் அப்பளமாகச் சுருளும். கூடவே வந்த டோனர் மூன்றே மாதத்தில் தீர்ந்தது. புதிது கேட்டால் பிரிண்டர் விலையில் முக்கால்வாசி சொன்னார்கள். வளவன் எவனோ ஒருவனிடம் மலிவாகப் பொடி நிரப்பிக்கொண்டு வந்தார். அன்றிலிருந்து மூக்கைச் சிந்தினால் கறுப்பு, தலையணை உறை கறுப்பு. என் வெள்ளை ரவிக்கையை வெந்நீரில் போட்டேன், பொடி துணியோடு உருகி ஒட்டிக்கொண்டது. நிரப்பியவன் உள்ளே இருக்கும் உருளையையும் கீறி வைத்திருந்தான். அதனால் எந்தப் பக்கம் எடுத்தாலும் வலது ஓரத்தில் மூன்று கறுப்புப் புள்ளி விழும். நாலு விரல் இடைவெளியில், கொசுவை நசுக்கினது போல. உருளையை மாற்றுங்கள் என்று நூறு தடவை சொல்லியிருப்பேன்.

"படிக்கத்தானே எடுக்கிறோம். திருஷ்டிப் பொட்டுனு நெனச்சுக்க" என்பார் வளவன்.

நான் வேலை பார்ப்பது கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரு கிராமத்து நடுநிலைப் பள்ளியில். அது வளவனுடைய சொந்த ஊர். தினம் பஸ்ஸில் போய் வருகிறேன். அங்கே சத்துணவு அமைப்பாளர் காசியம்மாள். புருஷன் செத்த பிறகு கிடைத்த வேலை, பதினெட்டு வருஷமாக அரிசி அளந்து போடுகிறார். ஊரே அவரைக் காசியக்கா என்றுதான் கூப்பிடும். வளவனும் சின்ன வயசில் அவர் வீட்டில் சோறு தின்று வளர்ந்தவர்தான்.

என் நாத்தனார் சரோஜா அதே ஊரில் இருக்கிறாள். கட்டினவன் அவளை விட்டுவிட்டு எங்கேயோ போய்விட்டான். சத்துணவு வேலையைப் பெரும்பாலும் இப்படிப்பட்ட பெண்களுக்குத்தான் கொடுப்பார்கள். ஆனால் ஊருக்கு ஒரு வேலைதான் இருக்கிறது, அதில் காசியக்கா இருக்கிறார். "இந்த அக்கா ரிட்டயர் ஆக இன்னும் ஆறு வருஷம் கெடக்குதே" என்று வளவன் சாப்பிடும்போது இரண்டு மூன்று தடவை சொன்னதுண்டு. நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. போட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

2008 கார்த்திகையில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, சத்துணவுப் பிரிவு அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். காசியக்கா மேல் மொட்டை பெட்டிஷன் வந்திருக்கிறதாம். பள்ளிக்கூடத்து அரிசியும் பருப்பும் கிரிவலப் பாதையில் பௌர்ணமி அன்னதானத்துக்கு விலை போகிறது என்று எவரோ பெயர் போடாமல் எழுதியிருந்தார்கள். அதிகாரி அதைக் காசியக்கா எதிரிலேயே வாய்விட்டுப் படித்தாராம், நான் அப்போது வகுப்பில் இருந்தேன். ஸ்டோரில் அரிசியை நிறுத்துப் பார்த்தால் ஆறு கிலோ குறைந்தது. எலி தின்றதும் சிந்தினதும் எந்தப் பள்ளியிலும் அவ்வளவு இருக்கும். ஆனால் பெட்டிஷன் இருக்கும்போது ஆறு கிலோவும் பெரிய கணக்குத்தான்.

ஹெட்மாஸ்டர் அப்பாசாமி காகிதத்தை வாங்கிப் படித்துவிட்டு, என்னையும் கூப்பிட்டு நீட்டினார். கையில் வாங்கினதும் என் கண் எழுத்துக்குப் போகவில்லை. வலது ஓரத்துக்குப் போனது. மூன்று புள்ளி. நாலு விரல் இடைவெளி.

கோபம் வரும் என்று நினைப்பீர்கள். எனக்கு வந்தது அருவருப்பு.

பிறகுதான் படித்தேன். நாலாவது வரியில், 'ஐப்பசி மழையில் பிள்ளைகள் பாதிப் பேர் வராத நாளில், தூக்குவாளி நிறையச் சோறு எடுத்துக்கொண்டு கொல்லைப்புறமாகப் போனார்' என்று தேதியோடு எழுதியிருந்தது. அது நடந்ததுதான். ஆக்கின சோறு மீந்துவிட்டது, ராத்திரி தாங்காது, கொட்ட மனசில்லாமல் எடுத்துப் போனார். பார்த்தது நான் ஒருத்திதான். அன்றைக்கு வீட்டுக்கு வந்து காபி குடித்துக்கொண்டே, "காசியக்கா தூக்குவாளியத் தூக்கிட்டு மழையில ஓடினதப் பாக்கணுமே" என்று சிரித்துச் சொன்னதும் நான்தான். வெறும் வாய்ப் பேச்சு. அதைக் கொண்டுபோய் அந்த ஆள் டைப் அடித்திருக்கிறார்.

"உங்களுக்கு ஏதாச்சும் தெரியுமா டீச்சர்? யார் போட்டிருப்பாங்க? இந்தத் தூக்குவாளி விஷயம் உண்மையா?" என்றார் அதிகாரி.

பக்கத்திலேயே காசியக்கா நின்றார். முந்தானையை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

"தெரியாதுங்க" என்றேன்.

அதிகாரி ஸ்டோர் சாவியைக் காசியக்காவிடமிருந்து வாங்கி ஹெட்மாஸ்டரிடம் கொடுத்தார். மூன்று நாளுக்குள் எழுத்தில் விளக்கம் தரவேண்டும், இல்லாவிட்டால் வேலை போய்விடும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

சாயந்திரம் வளவன் வந்து சட்டையைக்கூடக் கழற்றவில்லை, கேட்டுவிட்டேன். மனுஷன் மறுக்கவாவது செய்வார் என்று எதிர்பார்த்தேன். இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து சாக்ஸைக் கழற்றினார்.

"சரோஜாவுக்கு வேற வழி சொல்லு. நீ அவளுக்குச் சோறு போடுவியா?"

"அதுக்கு இன்னொருத்தங்க சோத்துல மண்ண அள்ளிப் போடுவீங்களா?"

"ஜாஸ்தி சத்தம் போடாத. கீழ் வீட்ல கேக்கும். பேரு போடாத காயிதம். எவனுக்கு என்ன தெரியும்?"

"எனக்குத் தெரியுதே."

"உனக்கு எப்படித் தெரியாம இருக்கும்? விஷயத்த எடுத்துக் குடுத்ததே நீதான்." சிரித்தார். அவருடைய ஈரச் சாக்ஸ் நாற்றமும் அந்தச் சிரிப்பும் ஒன்றாகச் சேர்ந்து, பதினோரு வருஷம் இந்த ஆளோடு ஒரே தட்டில் தின்றோமே என்று எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

அப்போதுதான் கதவைத் தட்டினார்கள். திறந்தால் காசியக்கா. ஆறு மணி பஸ்ஸைப் பிடித்து வந்திருக்கிறார். கையில் கோடு போட்ட தாள் இரண்டு, நாலாக மடித்தது.

"வெளக்கம் எழுதியாந்தேன் டீச்சர். கையால எழுதிக் குடுத்தா மதிக்க மாட்டாங்கனு சொன்னாங்க. உங்க வீட்ல மெசின் இருக்குதாமே."

நான் வாசலை மறித்துக்கொண்டு நின்றேன். உள்ளேயிருந்து வளவன் எழுந்து வந்தார். "வாங்கக்கா, உள்ள வாங்க. இதுக்குப் போயி கேக்கணுமா? அருணா, அக்காவுக்குக் காபி போடு."

அந்தக் குரலில் தேன் சொட்டியது. சீ, எப்படித்தான் வாய் கூசாமல் பேச வருகிறதோ. நான் அடுப்படிக்குப் போனேன். பாலை வைத்துவிட்டு அடுப்பைப் பற்றவைக்காமலே நின்றேன்.

அவர் டைப் அடிக்கும் சத்தம் கேட்டது. நடுவில் நிறுத்தினார்.

"அக்கா, இந்தத் தூக்குவாளி விஷயத்த மறுத்து எழுதாதீங்க. 'எடுத்துப் போனது தவறுதான், மன்னிக்கவும், இனி நடக்காது'னு போட்டுடலாம். எரக்கப்பட்டு விட்டுடுவாங்க."

வளவன் கூட்டுறவுச் சங்கத்தில் பன்னிரண்டு வருஷம் கிளார்க். தப்பை ஒப்புக்கொண்டு ஒரு வரி ஃபைலில் ஏறினால் வேலை அன்றைக்கே போய்விடும் என்று அவருக்குத் தெரியாதா? தெரிந்துதான் சொன்னார். எட்டிப் பார்த்தேன். காசியக்கா கம்ப்யூட்டரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ படிச்சவன், நீ சொன்னா சரிதான்பா. டீச்சர் என்ன சொல்றாங்க?"

ட்யூப்லைட் மங்கியது. காகிதம் சுடச்சுட வெளியே வந்தது. அடுப்படியிலிருந்து வந்து அதை எடுத்து நாலாகக் கிழித்தேன்.

"அந்தப் பெட்டிஷனப் போட்டது இவருதாங்க்கா. சரோஜாவுக்கு வேலை வாங்கறதுக்காக. தூக்குவாளி விஷயத்த இவருகிட்ட சொன்னது நான். நீங்க எழுதியாந்ததையே அப்படியே குடுங்க. ஒரு எழுத்து மாத்தாதீங்க."

"ஏய், உனக்குப் பைத்தியமா?" என்றார் வளவன்.

காசியக்கா கத்தவில்லை, அழவில்லை. மேசை மேல் இருந்த தன் கோடு போட்ட தாள்களை எடுத்து, முதலில் மடித்திருந்த மடிப்பிலேயே மடித்தார்.

"அன்னிக்கு மழையில என்னப் பாத்தது நீ ஒருத்திதான். ஆபீசர் படிச்சதும் நீதான்னு தெரிஞ்சுபோச்சு. அதான் நேரா இங்க வந்தேன். எம் மூஞ்சியப் பாத்து நீ என்ன பேசுவியோனு பாக்கத்தான் வந்தேன்."

"இப்ப சொல்லிட்டேனேக்கா."

"காலைல அவரு கேட்டாரு. நானும் பக்கத்துலதான் நின்னேன்."

செருப்பை மாட்டிக்கொண்டு படி இறங்கிப் போய்விட்டார். வளவனை அவர் கடைசி வரைக்கும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. அந்த ஆள் பார்க்கக்கூடத் தகுதியில்லாதவர் என்று விட்டுவிட்டார்போல.

மறுநாள் லீவு போட்டுவிட்டு அதிகாரியின் ஆபீசுக்குப் போனேன். நடந்ததைக் கையால் எழுதிக் கொடுத்தேன். சோறு மீந்தது, நான் பார்த்தது, வீட்டில் உளறியது, என் கணவர் எழுதியது, எல்லாம். "இத நேத்தே சொல்லியிருக்கலாமே டீச்சர்" என்றார் அதிகாரி. "வீட்டுக்காரருங்க" என்றேன். சொன்ன வார்த்தை எனக்கே அசிங்கமாக இருந்தது.

பத்து நாளில் சாவி காசியக்கா கைக்கு வந்துவிட்டது. வளவனைச் சங்கத்தில் கூப்பிட்டு விசாரித்தார்கள். குடும்பத்தைக் காட்டிக்கொடுத்தவள் என்று சரோஜா என் படி ஏறுவதில்லை. வளவன் தன் தட்டைத் தானே போட்டுக்கொண்டு தின்கிறார். எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. அவர் கை பட்ட எதையும் தொட எனக்கு இன்னும் அருவருப்பாகத்தான் இருக்கிறது.

காசியக்கா பள்ளிக்கூடத்தில் என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. மத்தியானம் மற்ற டீச்சர்களுக்கு அனுப்புவது போலவே எனக்கும் ருசி பார்க்க ஒரு கரண்டி சாம்பார் அனுப்புகிறார். ஆனால் அவர் அரிசி அளக்கும்போது நான் ஸ்டோர் பக்கம் போனால், அளந்தவரைக்கும் மூட்டையிலேயே திரும்பக் கொட்டிவிடுகிறார். என் கண் எதிரில் ஒன்றிலிருந்து மறுபடி அளக்கிறார்.

"பாத்துக்குங்க டீச்சர்" என்கிறார், ஒவ்வொரு படிக்கும்.